வடகிழக்கு மலைகளில் விழுந்த போர்க்கால விமானங்கள்: உள்ளே இருந்தவர்கள் என்ன ஆனார்கள்?

கேள்வி இதுதான்: இரண்டாம் உலகப் போரின்போது அசாமிலிருந்து சீனாவுக்குப் பறந்த ராணுவச் சரக்கு விமானங்கள் நூற்றுக்கணக்கில் மலையில் விழுந்தன என்கிறார்கள். ஆள் நடமாட்டமே இல்லாத காட்டில் விழுந்தவர்கள் யாராவது உயிரோடு திரும்பினார்களா? திரும்பினால் எப்படி?

திரும்பினார்கள். ஏறத்தாழ 1,200 பேர் மீட்கப்பட்டோ தாங்களாகவே நடந்தோ தளத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 1,659 பேர். இழந்த விமானங்கள் 594. ஆனால் கேள்வியில் ஒரு சொல்லை மட்டும் திருத்த வேண்டும். அது ஆள் நடமாட்டமே இல்லாத காடு அல்ல. விமானிகள் கையில் இருந்த வரைபடத்தில்தான் அங்கே ஊர் இல்லை. தரையில் நாகர்கள் இருந்தார்கள், கச்சின்கள் இருந்தார்கள், மிஷ்மிகளும் ஆதிகளும் லிசுக்களும் இருந்தார்கள். விழுந்தவர்கள் பிழைத்த கதையில் பாதிக்கு மேல் இவர்களுடையது. அதனால்தான் இந்தப் பதில் கொஞ்சம் நீளமாகப் போகிறது.

முதலில் அந்த விமானங்கள் அங்கே ஏன் பறந்தன என்று பார்த்துவிடுவோம். 1942 ஏப்ரல் கடைசியில் ஜப்பானியர்கள் பர்மாவின் லாஷியோவைப் பிடித்தார்கள். சீனாவுக்கு ஆயுதமும் எரிபொருளும் போய்க்கொண்டிருந்த பர்மா சாலை அதோடு அறுந்தது. மிச்சம் இருந்தது வானம் மட்டும்தான். சபுவா, தின்ஜான், மோகன்பாரி, ஜோர்ஹாட் போன்ற அசாம் தளங்களிலிருந்து கிளம்பி, பட்காய் மலைத்தொடரைத் தாண்டி, ஐராவதி, சால்வீன், மேகாங் நதிகளின் பள்ளத்தாக்குகளுக்கு மேலாகப் பறந்து, சீனாவின் குன்மிங்கில் இறங்க வேண்டும். சுமார் 800 கிலோமீட்டர். நடுவில் 15,000 அடி உயர முகடுகள். அமெரிக்க விமானிகள் இதற்கு வைத்த பெயர் 'ஹம்ப்'. தமிழில் 'திமில்' என்ற சொல் அதற்கு அப்படியே பொருந்தும். மாட்டின் முதுகில் புடைத்து நிற்கிறதே, அதுதான்.

42 மாதங்களில் இந்த வழியாக ஏறக்குறைய 6,50,000 டன் சரக்கு போனது. அதில் பெரும்பங்கு பெட்ரோல். அதாவது விமானி தன் முதுகுக்குப் பின்னால் பெட்ரோல் பீப்பாய்களை அடுக்கிக்கொண்டு மலையேற வேண்டும். அந்த ஓடுதளங்களைப் போடக் கல் உடைத்தவர்களில் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் ஏராளம், பெண்கள் உட்பட. இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அதே 1942இல், இதே எல்லை மலைகளைத்தான் ரங்கூனிலிருந்து தப்பிய இந்தியர்கள், அவர்களில் நிறையத் தமிழர்கள், குழந்தை குட்டிகளோடு கால்நடையாகக் கடந்தார்கள். பெரும்பாலோர் வந்தது தெற்கே இம்பால் பக்கம். ஒரு பகுதியினர் வடக்கே பாங்சாவ் கணவாய் வழியாக வந்தார்கள். விமானங்கள் தாண்டியதும் அந்த மலைத்தொடரைத்தான்.

சரி, ஏன் இவ்வளவு விமானங்கள் விழுந்தன? எதிரி சுட்டு வீழ்த்தியவை கொஞ்சம்தான். மற்றவற்றை வீழ்த்தியது வானிலை, இயந்திரக் கோளாறு, களைப்பு, அவசரம்.

வானிலையை எடுத்துக்கொள்ளுங்கள். மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். மலையும் மேகமும் ஒன்றாகக் கலந்துவிடும். மேலே போனால் காற்று மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் வீசும். அது பக்கவாட்டில் அடிக்கிறது, விமானிக்குத் தெரியவில்லை என்று வையுங்கள். அரை மணி நேரத்தில் விமானம் தன் பாதையிலிருந்து 80 கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். அவர் பள்ளத்தாக்குக்கு மேலே இருப்பதாக நினைத்துக் கீழே இறங்குவார். அங்கே மலை இருக்கும். வழி காட்டும் ரேடியோ நிலையங்கள் ஆரம்பத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தன. வரைபடங்களில் சிகரங்களின் உயரமே பல இடங்களில் தப்பு.

அப்புறம் இயந்திரம். 1943 நடுவில் சி-46 என்ற பெரிய இரட்டை எஞ்சின் விமானம் இந்தப் பாதைக்கு வந்தது. பழைய சி-47ஐவிட நிறையச் சுமக்கும், உயரமாகவும் பறக்கும். ஆனால் அதை முழுக்கச் சோதித்துப் பார்க்காமலேயே களத்தில் இறக்கிவிட்டார்கள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில் பனி உறையும். பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். கையில் பெட்ரோல் பட்டால் ஜில்லென்று இருக்கிறதே, அதே சங்கதிதான். ஈரம் நிறைந்த மழைக்கால மேகத்துக்குள் இது நடந்தால், காற்று போகும் குழாயில் பனிக்கட்டி கட்டிக்கொண்டு எஞ்சினுக்கு மூச்சுத் திணறும். ஒரு எஞ்சின் நின்றுவிட்டால், சுமையோடு இருக்கும் விமானத்தை மிச்சம் இருக்கும் ஒற்றை எஞ்சின் மலைக்கு மேலே தூக்கிப் பிடிக்காது. சமவெளியில் என்றால் எங்காவது இறங்கிவிடலாம். மலையில் எங்கே இறங்குவது?

அவசரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மாதத்துக்கு 10,000 டன் என்று மேலிடம் இலக்கு வைத்தது. இரவுபகல் பார்க்காமல், போதிய பயிற்சி இல்லாத இளைஞர்களை ஏற்றி அனுப்பினார்கள். 1943 டிசம்பரில் இலக்கு எட்டப்பட்டது. அதற்கான விலையை வானிலைமீது மட்டும் போடுவது நியாயமாகாது என்பது என் கருத்து. 1944 செப்டம்பரில் அமெரிக்க ஜெனரல் வில்லியம் டன்னர் இந்த விமானப் போக்குவரத்துக்குப் பொறுப்பேற்றுப் பராமரிப்பையும் பாதுகாப்பு விதிகளையும் சீராக்கிய பிறகு, சரக்கும் பல மடங்கு கூடியது, பறந்த நேரத்துக்கு விபத்து விகிதமும் இறங்கியது. அப்படியானால் முன்பு விழுந்த விமானங்களில் பல விழாமல் இருந்திருக்கலாம்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். ஒரே ஒரு விமானத்தை எடுத்துச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் எல்லாமே இருக்கிறது.

1943 ஆகஸ்ட் 2. சபுவாவிலிருந்து குன்மிங்குக்கு ஒரு சி-46 கிளம்புகிறது. உள்ளே 21 பேர். அமெரிக்காவின் சிபிஎஸ் வானொலியின் செய்தியாளர் எரிக் செவரைட் ஒருவர். இந்தப் பகுதியின் அமெரிக்கப் படைத்தலைவர் ஜெனரல் ஸ்டில்வெல்லின் அரசியல் ஆலோசகர் ஜான் பேட்டன் டேவிஸ் ஒருவர். அமெரிக்க உளவுத்துறை அதிகாரி டங்கன் லீ ஒருவர். இவர் சோவியத்துக்கும் தகவல் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது பின்னாளில் வெளிவந்த தனிக்கதை. சீன ராணுவ அதிகாரிகளும் இருந்தார்கள். மற்றவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கப் படையினரும் விமானப் பணியாளர்களும்.

ஏறக்குறைய ஒரு மணி நேரப் பறப்புக்குப் பிறகு இடது எஞ்சின் போய்விட்டது. விமானி விமானத்தைச் சபுவா பக்கம் திருப்பிப் பார்த்தார். உயரம் இறங்கிக்கொண்டே வந்தது. கதவைத் திறந்து பெட்டிகளையும் மூட்டைகளையும் வெளியே தள்ளினார்கள். போதவில்லை. குதிக்க வேண்டியதுதான் என்று ஆனது. பயணிகளில் பெரும்பாலோர் வாழ்நாளில் பாராசூட்டைத் தொட்டதுகூட இல்லை. முதுகில் கட்டியிருந்தார்களே தவிர, எந்தப் பிடியை எப்போது இழுப்பது என்பதையே அந்த நிமிடத்தில்தான் யோசித்தார்கள். முதலில் குதித்தவர்களில் டேவிஸ் ஒருவர். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்கள்.

அந்த நேரத்தில் ரேடியோ ஆபரேட்டர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைக் கவனியுங்கள். விமானம் இருக்கும் இடத்தைத் தந்திக் கருவியில் தட்டிக்கொண்டே இருந்தார். கடைசி வரை தட்டிவிட்டுத்தான் குதித்தார். கீழே விழும்போது அவர் கால் உடைந்தது. அன்று மற்ற எல்லாரும் பிழைத்ததற்கு முதல் காரணம் அந்த விரல்கள். துணை விமானி சார்ல்ஸ் ஃபெலிக்ஸ் மட்டும் தப்பவில்லை. விமானத்தோடு போனார். 21 பேரில் 20 பேர் உயிரோடு தரையைத் தொட்டார்கள்.

விழுந்த இடம் பாங்ஷா வட்டாரம். இன்றைய நாகாலாந்தின் நோக்லாக் மாவட்டமும் மியான்மரும் தொட்டுக்கொள்ளும் மலை. அன்றைக்கு அது பிரிட்டிஷ் நிர்வாக எல்லைக்கு வெளியே இருந்த பகுதி. எதிரியின் தலையைக் கொய்து ஊருக்குக் கொண்டுவருவது அங்கே அப்போதும் உயிரோடு இருந்த வழக்கம். இதை வைத்துத்தான் இந்தக் கதையை எல்லாரும் பரபரப்பாகச் சொல்வார்கள். ஆனால் அவர்கள் சொல்ல மறக்கும் ஒன்று இருக்கிறது. 1936 நவம்பரில், தலைவேட்டைக்கும் ஆள்பிடித்து அடிமையாக வைத்ததற்கும் தண்டனை என்று சொல்லி, அரசு படையோடு வந்து பாங்ஷாவைக் கொளுத்தியது. ஏழு வருஷம்கூட ஆகவில்லை. கொளுத்தப்பட்ட வீட்டின் கரி நினைவில் இருக்கும் ஊர் அது. வானத்திலிருந்து வந்து விழும் வெள்ளைக்காரர்களை நேசிக்க அந்த மக்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

ஈட்டியும் கையுமாக அவர்கள் வந்தார்கள். அந்தக் காலத்து விமானப் பணியாளர்களுக்குப் பல மொழிகளில் அச்சடித்த துணி ஒன்றைக் கொடுப்பார்கள். 'நான் நண்பன், எனக்கு உதவினால் பரிசு கிடைக்கும்' என்று அதில் இருக்கும். எழுத்தே புழங்காத மலையில் அது வெறும் துணி. செவரைட் கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டினார். கையில் ஒன்றும் இல்லை என்பது எந்த மொழியிலும் புரிகிற விஷயம். ஈட்டிகள் தாழ்ந்தன. மூங்கில் குவளையில் அரிசிக் கள் வந்தது. அன்றைய தினத்தில் நடந்திருக்கக்கூடிய இன்னொரு முடிவை நினைத்துப் பார்த்தால், அந்தக் குவளையின் அருமை தெரியும்.

தந்தி போய்ச் சேர்ந்ததால் தேடும் விமானம் அன்றைக்கே வந்து அவர்களைக் கண்டுபிடித்தது. உணவு, மருந்து, ஆயுதம் எல்லாம் போட்டது. உள்ளூர்க்காரர்களை நம்ப வேண்டாம், கவனமாக இருங்கள் என்று எச்சரிக்கையும் வந்தது. அப்புறம் அதே நாளில், யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. சபுவா தளத்து மருத்துவர் லெப்டினன்ட் கர்னல் டான் ஃபிளிக்கிஞ்சரும் இரண்டு மருத்துவ உதவியாளர்களும் பாராசூட்டில் அந்தக் காட்டுக்குள்ளேயே குதித்தார்கள். ஒன்றை நினைத்துப் பாருங்கள். முதலில் விழுந்தவர்கள் வேறு வழியில்லாமல் குதித்தார்கள். இவர்கள் மூவரும் பத்திரமான விமானத்திலிருந்து, திரும்பிப் போக வழி தெரியாத இடத்துக்கு, கால் உடைந்த ஒருவரைப் பார்க்கக் குதித்தார்கள். அமெரிக்க விமானப்படையின் பாராசூட் மீட்புப் பிரிவு தன் தொடக்கமாக இந்தக் குதிப்பைத்தான் சொல்கிறது. காயம்பட்டவர்களோடு நில்லாமல் ஊர்க்காரர்களின் புண்ணுக்கும் காய்ச்சலுக்கும் ஃபிளிக்கிஞ்சர் மருந்து கொடுத்தார். அந்த இரண்டு வாரத்தில் இரு தரப்புக்கும் நடுவே நம்பிக்கையை வளர்த்தது, ஆகாயத்திலிருந்து விழுந்த துப்பாக்கிகளைவிட அந்த மருந்துப் பெட்டிதான் என்று நான் நினைக்கிறேன்.

ஆனாலும் ஆபத்து தீரவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள் என்று யாருக்கும் தெரியாது. நாகா மலை ஊரான மோகொக்சுங்கில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரி பிலிப் ஆடம்ஸ், முப்பது வயதுகூட நிரம்பாதவர், செய்தி கேட்டதும் நடந்தே கிளம்பினார். சாலை கிடையாது. மழைக்காலம். ஒவ்வொரு மலையையும் இறங்கி ஏற வேண்டும். தான் போய்ச் சேர்வதற்குள் ஏதாவது நடந்துவிடக்கூடாது என்று, நட்பு ஊரான சிங்மெய்க்கு முன்கூட்டியே ஆள் அனுப்பினார். அந்த ஊர்த் தலைவர் சிங்மக், தன் மகன் சங்பாவைக் காவலுக்கு அனுப்பினார். சங்பா அங்கே போய் அமெரிக்கர்களோடு தங்கியதற்கு ஒரே அர்த்தம்தான்: இவர்கள்மேல் கை வைத்தால் எங்கள் ஊரோடு பகை. அந்த மலையில் எந்த அரசாங்கத்தின் உத்தரவைவிடவும் இந்தச் சொல்லுக்கு எடை அதிகம். விமான வரலாற்றுப் புத்தகங்களில் ஃபிளிக்கிஞ்சருக்கு இடம் உண்டு. சங்பாவுக்கும் அதே அளவு இடம் கொடுத்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் நடுவில் ஆடம்ஸ் வந்து சேர்ந்தார். அவரோடு ஆயுதம் தாங்கியவர்களும் நாகாச் சுமைதூக்கிகளும். பிறகு எல்லாரும் சேர்ந்து நடந்தார்கள். அட்டை, சேறு, வழுக்கும் செங்குத்துப் பாதை, ஈரத்தில் ஊறிப் புண்ணான பாதங்கள். அலுவலகத்தில் உட்கார்ந்தே பழகியவர்களும் அதில் உண்டு. நடக்க முடியாதவர்களை நாகர்கள் சுமந்தார்கள். மாதக் கடைசியில் 20 பேரும் சமவெளிக்கு வந்துவிட்டார்கள்.

டேவிஸ் அந்த நாட்களில் நடந்துகொண்ட விதத்துக்காக, பிற்பாடு அமெரிக்க அரசின் சுதந்திரப் பதக்கம் கிடைத்தது. அதே டேவிஸை, சீனாவில் கம்யூனிஸ்டுகள் ஜெயிப்பார்கள் என்று முன்பே எழுதியதை ஒரு குற்றமாக்கி, 1954இல் வெளியுறவுத் துறையிலிருந்து வெளியேற்றினார்கள். காட்டில் மனிதர்களைச் சரியாகக் கணித்தவரைத் தலைநகரம் அப்படித்தான் நடத்தியது.

இந்த ஒரு விபத்து இன்னொரு நல்ல காரியத்துக்கும் வழிவிட்டது. அதற்கு முன்பு விமானம் காணாமல் போனால், அப்போதைக்கு யார் கையில் விமானம் இருக்கிறதோ அவர்கள் போய்த் தேடுவார்கள், அவ்வளவுதான். பெரிய ஆட்கள் இருந்த விமானம் விழுந்த பிறகுதான், 1943 அக்டோபரில், தேடி மீட்பதற்கென்றே சபுவாவில் தனிப் பிரிவு அமைந்தது. பொறுப்பு கேப்டன் ஜான் போர்ட்டரிடம் கொடுக்கப்பட்டது. டிசம்பர் 10 அன்று, தேடுதல் பணியில் இருந்தபோதே ஜப்பானியப் போர் விமானங்கள் அவருடைய விமானத்தைச் சுட்டன. அவர் திரும்பவில்லை. அவர் தொடங்கிய பிரிவு போர் முடியும் வரை வேலை செய்தது. பெயர் தெரியாத இருபது வயதுப் பையன்கள் விழுந்தபோது வராத ஏற்பாடு, பிரபலமானவர்கள் விழுந்தபோது வந்தது என்பது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் வந்ததே, அதனால் பின்னால் விழுந்த பையன்கள் பிழைத்தார்கள்.

விழுந்த விமானங்கள் இன்றைக்கும் ஏன் கிடைத்துக்கொண்டிருக்கின்றன என்றும் சிலர் கேட்பார்கள். வானம் தெளிவாக இருக்கும் நாளில், கீழே மின்னும் சிதைவுகளைப் பார்த்தே சீனாவுக்கு வழி சொல்லிவிடலாம் என்று அன்றைய விமானிகள் பேசிக்கொண்டார்கள். அலுமினியத் தடம் என்று அதற்குப் பெயர். ஆனால் அது அதிகம் பறந்த பாதைக்குக் கீழே. மூங்கில் காட்டுக்குள் விழுந்ததை ஒரே மழைக்காலம் மூடிவிடும். காற்றில் அடித்துக்கொண்டு போனது எங்கே விழுந்தது என்று அதன் விமானிக்கே தெரியாது, தேடுகிறவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்தவர்கள் வேட்டைக்குப் போகும் மலைவாசிகள் மட்டும்தான். பல ஊர்களில் அந்தத் தகடுகள் பாத்திரமாகவும் கருவியாகவும் மாறின.

1944 ஜனவரி 25 அன்று குன்மிங்கிலிருந்து சபுவாவுக்கு வந்துகொண்டிருந்த பி-24 என்ற குண்டுவீச்சு விமானம் ஒன்று மறைந்தது, 8 பேரோடு. 2006இல் அரிசோனாவைச் சேர்ந்த கிளேட்டன் கூல்ஸ் என்ற மலையேறி, அருணாச்சலின் தம்ரோ ஊருக்குப் பக்கத்துச் சரிவில், உள்ளூர்க்காரர்கள் வழிகாட்ட, அதன் சிதைவைப் பார்த்தார். 2016 ஏப்ரலில்தான் எச்சங்கள் தில்லியிலிருந்து அமெரிக்கா போயின. அடுத்த ஆண்டு அந்தப் பணியாளர்களில் ஒருவர் அடையாளம் காணப்பட்டு, சொந்த மாநிலமான ஜார்ஜியாவில் அடக்கம் செய்யப்பட்டார். 73 வருஷம் கழித்து. 2023 நவம்பரில் பாசிகாட்டில் இந்தப் பாதைக்கென ஒரு அருங்காட்சியகமும் திறந்தார்கள். காட்டிலிருந்து சுமந்துவந்த விமானப் பாகங்கள் அங்கே இருக்கின்றன. வடகிழக்குப் பக்கம் போகிறவர்கள் அரை நாள் ஒதுக்கலாம்.

கடைசியாக ஒன்று. 1945 ஜனவரி முதல் வாரத்தில், ஒரு கொடும் புயலில், குன்மிங்கிலிருந்து கிளம்பிய ஒரு சி-46, 13 பேரோடு அருணாச்சல் மலையில் மறைந்தது. அதில் போன ஓர் அதிகாரிக்கு ஊரில் 13 மாதக் கைக்குழந்தை இருந்தது. அந்தக் குழந்தை வளர்ந்து முதியவராகி, அப்பாவின் விமானத்தைத் தேடித் தரும்படி கூல்ஸிடம் கேட்டுக்கொண்டார். லிசு இனத்தவர்கள் வழிகாட்டினார்கள். மார்பளவு தண்ணீரில் ஆறுகளைக் கடந்து, உறைகுளிரில் முகாம் போட்டுத் தேடினார்கள். தேடலின் தொடக்கத்திலேயே, ஒரு செப்டம்பர் மாதப் பனிப்புயலில், முகாம் அமைத்துக்கொண்டிருந்த வழிகாட்டிகள் மூன்று பேர் குளிரில் விறைத்து இறந்துபோனார்கள். அதற்குப் பிறகும் தேடல் தொடர்ந்தது. 2021 டிசம்பரில் பனி மூடிய ஓர் உச்சியில் விமானம் கிடைத்தது. உள்ளே எலும்புகூட இல்லை. வாலில் இருந்த எண்ணைப் பார்த்துத்தான் அதே விமானம் என்று உறுதி செய்தார்கள். அப்பா எங்கே இருக்கிறார் என்று தெரிந்ததே போதும், சந்தோஷம் என்றார் மகன்.